கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: கழற்றச் சொன்னால் கழற்றாதீர்கள் – முழுமையான வழிகாட்டி

பெங்களூரின் ஓசூர் ரோட்டில் தினமும் ஆபீஸ் போகிற காருக்கு என்ஜின் ஓடும் நேரம் அதிகம், சக்கரம் ஓடும் நேரம் குறைவு. 2010 ஜனவரியில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தபோது நிம்மதி என்றோம். இப்போது அதில் ஏறவும் இறங்கவும் வரிசையில் நிற்கிறோம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் வந்த பிறகும் காரை விடாதவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏராளம். அந்தக் கார்களில் சில, ஐந்தாறு வருடம் ஆனதும், டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மாலையில் போன் வரும்: "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு சார். புதுசு போட்டா ரொம்ப செலவு. உள்ள இருக்கறத தட்டி எடுத்துட்டா போதும், பிக்கப்பும் நல்லா இருக்கும்."

அந்த போனுக்குப் பதில் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். வேறு ஏதோ ஒரு கோளாறுதான் அதைக் கொல்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதிது போட்டாலும் பணம் வீண், கழற்றிப் போட்டாலும் வீண்.

அது என்ன, எங்கே இருக்கிறது

என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில், வயிறு உப்பினாற்போல் ஒரு ஸ்டீல் பெட்டி இருக்கும். பழைய கார்களில் அது காரின் தரைக்கு அடியில் இருந்தது. இப்போதைய கார்கள் பலவற்றில் என்ஜினை ஒட்டியே இருக்கிறது. உள்ளே தேனடை போன்ற ஒரு பீங்கான் கட்டி, அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகத் தடவப்பட்டிருக்கும். மொத்தமே சில கிராம்கள்தான்.

புகை அந்தத் துளைகள் வழியே போகும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாமல் தப்பிய பெட்ரோல் எரிந்து முடிகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் பிரிந்து வெறும் நைட்ரஜன் ஆகின்றன. கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் இதெல்லாம் நடக்கும். எலெக்ட்ரானிக் சிட்டிக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் காரில், அது சூடாகும்போது பயணமே முடிந்துவிடும்.

இந்தியாவில் இதன் கதை 1995 ஏப்ரலில் தொடங்குகிறது. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. பெட்ரோலில் கலந்த ஈயம் இந்தப் பூச்சை நாசமாக்கிவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோலும் அதே நாளில் அங்கே வந்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்தபோது எரிபொருளில் கந்தகத்தின் அளவு 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்மாகக் குறைந்தது. ஆக, இன்று பெட்ரோல் பங்க்கைக் குறை சொல்ல அவ்வளவாக இடமில்லை.

முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார்

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்து என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த எண் கொஞ்சம் இறங்கும். கலவை அந்தக் கோட்டை ஒட்டி இருந்தால்தான் கன்வெர்ட்டரின் மூன்று வேலைகளும் ஒருசேர நடக்கும். இந்த சென்சாரை போஷ் நிறுவனம் 1976-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வோல்வோ கார்கள்தான் முதலில் அதைப் பூட்டிக்கொண்டன.

பின்னால் இருக்கும் சென்சார், கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கிறது. முன்னது சாதாரண ஜிர்கோனியா வகை என்றால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கும். பின்னது 0.6, 0.7 என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே குதிக்கத் தொடங்கினால், கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறனை இழந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, பி0420 என்ற கோடு எண்ணை எழுதி, மஞ்சள் விளக்கைப் போடுகிறது.

படி 1: விளக்கு நின்று எரிகிறதா, மினுக்குகிறதா?

நின்று எரிந்தால் பதற்றப்பட வேண்டாம். வீடு வரை, ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டலாம். மினுக்கினால் சங்கதி வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று பொருள். பீங்கான் உருகுவதற்குச் சுமார் 1,400 டிகிரி போதும். பெட்ரோல் உள்ளேயே எரியும்போது அந்தச் சூடு எட்டாத உயரமல்ல. ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஓரம் கட்டுங்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். மேம்பாலத்தில் இருந்தால் அடுத்த இறக்கம் வரை ரேஸ் பண்ணாமல் வந்து நிறுத்துங்கள்.

படி 2: கோடு எண்ணை நீங்களே எடுங்கள்

ஸ்டீயரிங்குக்கு அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஈஎல்எம் 327 என்ற சின்ன புளூடூத் கருவியை அதில் செருகி, போனில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. ஒருமுறை சர்வீஸ் விடும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நாள் முழுக்க லாக் ஃபைல் பார்த்து பக் பிடிக்கிற ஊர் இது. சொந்தக் காரின் லாக்கை மட்டும் வேறொருவர் வாய்வழி கேட்டு நம்புவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கிடைத்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள். அழித்தால், கோளாறு வந்த நேரத்தில் என்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று கம்ப்யூட்டர் சேமித்து வைத்த விவரமும் சேர்ந்து போய்விடும்.

பி0300 முதல் பி0304 வரை வந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0135, பி0141 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரோ அதன் வயரோ போயிருக்கிறது. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று புகுகிறது. பி0420 மட்டும் தனியாக வந்தால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம். மற்றவற்றோடு சேர்ந்து வந்தால், மற்றவற்றை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் கன்வெர்ட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

படி 3: சென்சார் பொய் சொல்கிறதா என்று பாருங்கள்

வயரிலிருந்து தொடங்குங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வாரக்கணக்கில் நிற்கும் காரில் எலி நுழைந்து வயரைக் கடிப்பது பெங்களூரில் வாடிக்கை. வீட்டிலிருந்து வேலை என்று கார் நின்ற காலத்தில் எலிகளுக்கு நல்ல யோகம். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து சென்சார் வயர் போகும் பாதை முழுவதையும் பாருங்கள். கடித்த தடம் இருந்தால் அந்த வயரைச் சரிசெய்தாலே பல சமயம் விளக்கு அணைந்துவிடும்.

அடுத்து, சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு உண்டா? ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டில் மெல்லிய விரிசல் இருந்தால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். சென்சார் அதை ஆக்சிஜன் என்று படித்து, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், கன்வெர்ட்டர் கூடுதலாகச் சூடாகும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் இந்தக் கசிவைத் தேடுங்கள்.

பிறகு லைவ் டேட்டா. கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, பின் சென்சாரின் வோல்ட்டைக் கவனியுங்கள். நின்றால் கன்வெர்ட்டர் பிழைத்திருக்கிறது. முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கினால் அது ஓய்ந்துவிட்டது. புதிய கார்கள் சிலவற்றில் முன் சென்சார் வேறு வகை; வோல்ட்டுக்குப் பதில், கலவை சரியா என்று சொல்லும் லாம்டா என்ற எண்ணைக் காட்டும். அது 1-ஐ ஒட்டி இருந்தால் சரி. பின் சென்சார் கணக்கு அங்கும் இதேதான்.

படி 4: அடைப்பா?

திறன் இழப்பதும் அடைபடுவதும் வேறு வேறு நோய்கள். திறன் இழந்த கன்வெர்ட்டரோடு கார் நன்றாகவே ஓடும், விளக்கு மட்டும் எரியும். அடைபட்டால் கார் இழுக்காது. முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தும் வேகம் ஏறாது, மேம்பாலத்தின் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும்.

இதைச் சோதிக்க, முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜை மாட்டுவார்கள். ஐடிலில் ஒன்றேகால் பிஎஸ்ஐக்குக் கீழே, 2,500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் அடைப்பில்லை என்பது மெக்கானிக்குகள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. கேஜ் இல்லாத ஒர்க்‌ஷாப் ரப்பர் சுத்தியலால் பெட்டியைத் தட்டிப் பார்க்கும். உள்ளே கலகலத்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. சத்தமில்லை என்பதால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. உருகி ஒட்டிக்கொண்ட பீங்கான் சத்தம் போடாது.

படி 5: கொன்றது யார்?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

சந்தாபுராவில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் புதிய கன்வெர்ட்டர் போட்டார்கள். சில மாதங்களில் அதே பி0420. இன்னொரு மெக்கானிக் அதைக் கழற்றி, தரையில் விரித்த செய்தித்தாளில் கவிழ்த்துத் தட்டினார். சாம்பல் நிறத்தில் பீங்கான் துண்டுகள் பொலபொலவென்று கொட்டின. ஒரு துண்டின் ஓரம் மட்டும் கண்ணாடி போல உருகிப் பளபளத்தது. அதைக் காட்டி, "இது தானா போகல சார், பெட்ரோல் உள்ள எரிஞ்சிருக்கு" என்றார். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் சூடானால் மட்டும் மிஸ் அடித்துக்கொண்டிருந்தது. முதல் கன்வெர்ட்டரைக் கொன்ற அதே காயில் இரண்டாவதையும் கொன்றிருக்கிறது. காயிலின் விலை கன்வெர்ட்டர் விலையில் ஒரு சிறு பங்கு.

ஆகவே ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றையும் முதலில் பாருங்கள். அடுத்து என்ஜின் ஆயில். டிப்ஸ்டிக்கில் ஆயில் மாதாமாதம் இறங்குகிறது என்றால் அது எரிந்து போகிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் சாம்பலாகிப் பூச்சின் மேல் படியும். கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். என்ஜின் பாகங்களை ஒட்டச் சாதாரண சிலிக்கோன் பேஸ்ட்டைப் பூசியிருந்தாலும் ஆக்சிஜன் சென்சார் கெடும். சென்சாருக்கு ஆபத்தில்லாதது என்று டியூபில் அச்சிட்டதைத்தான் வாங்க வேண்டும்.

மழையும் ஒரு கொலைகாரன். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் கார்கள் மிதந்தது நினைவிருக்கும். பல நூறு டிகிரியில் கொதிக்கும் பீங்கான் திடீரென்று குளிர்ந்த நீரில் முங்கினால் விரிசல் விடும். தேங்கிய நீர் புகைக்குழாய் அளவு இருந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

படி 6: சென்சாரை மாற்றுவது

கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். வயர் நுழைய ஒரு பக்கம் பிளந்த 22 எம்எம் சாக்கெட் வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே டபிள்யூடி 40 அடித்து ஊற விடுங்கள். குழாய் தொடக்கூடிய சூடாக இருக்கும்போது திருகினால் எளிதாகக் கழலும். முழுதாகக் குளிர்ந்தபின் மல்லுக்கட்டினால் மரை போய்விடும். புதிய சென்சாரில் மரைக்கு மட்டும் ஆன்டி சீஸ் தடவுங்கள், முனையில் படக்கூடாது. ஏற்கெனவே தடவி வந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

வயரை வெட்டி ஒட்டும் 'யுனிவர்சல்' சென்சாரைவிட, உங்கள் காரின் கனெக்டரோடு வரும் சென்சார் மேல். ஜேசி ரோட்டில் இரண்டும் கிடைக்கும்.

படி 7: கன்வெர்ட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

வாரன்ட்டி மிச்சமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு கம்பெனி பாகத்தின் விலை. அது பல்லாயிரங்களில் இருக்கும், சில கார்களுக்கு லட்சத்தைத் தொடும். மிக மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கன்வெர்ட்டரில் உலோகப் பூச்சு பேருக்குத்தான் இருக்கும். அதைப் போட்டு விளக்கை அணைத்தாலும் திரும்ப எரியும்.

பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 2021-ல் ரோடியம் விலை ஒரு அவுன்ஸ் 29,000 டாலரை ஒட்டிப் போனது. அந்தச் சமயத்தில் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் நிறுத்தி வைத்த மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரை இரவோடு இரவாகக் கழற்றிச் செல்லும் கும்பல்கள் பிடிபட்டன. உள்ளே இருக்கும் சில கிராம் பூச்சுக்காகத்தான் அந்தத் திருட்டு. "பழசு எதுக்கு சார், நாங்களே தூக்கிப் போட்டுடறோம்" என்று சொல்பவர் அதைத் தூக்கிப் போடப் போவதில்லை. இலவசமாகக் கழற்றித் தருகிறேன் என்கிற பெருந்தன்மைக்கும் காரணம் இதுவே.

கழற்றிவிட்டால் என்ன ஆகும்

பிக்கப் கூடும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது அடைபட்ட கன்வெர்ட்டரை எடுத்தால் தெரிகிற வித்தியாசம். நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டரைச் சாதாரணக் காரிலிருந்து எடுத்தால், ஓட்டுபவருக்குத் தெரிகிற பலன் பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

விளக்கு அணையாது. பின் சென்சார் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை ஏமாற்ற, சென்சாருக்கு அடியில் ஒரு நீளமான நட்டு வைத்துப் புகையிலிருந்து தள்ளி நிறுத்துவார்கள், அல்லது ரீமேப் செய்து கம்ப்யூட்டரின் வாயை அடைப்பார்கள். அதன் பிறகு நிஜமாகவே ஒரு மிஸ்ஃபயர் வந்தாலும் உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும் என்று நம்ப முடியாது.

எமிஷன் டெஸ்ட் அடுத்த கண்டம். பிஎஸ் 4, பிஎஸ் 6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது உச்சவரம்பு. 2,500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்று வைத்துத்தான் இந்த வரம்பையே போட்டிருக்கிறார்கள். பங்க் ஓரத்து வேனில் தெரிந்தவர் சர்ட்டிபிகேட் தருவார் என்ற தைரியத்தில் இதைச் செய்பவர்கள் உண்டு. அந்தத் தைரியம் ஒரு செக்கிங்கோடு முடிந்துவிடும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாசு விதியை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். கேஏ 51 காரை ஊருக்கு எடுத்துப்போய்த் தமிழ்நாடு நம்பருக்கு மாற்ற நினைப்பவர்களுக்கும் செல்லுபடியாகும் எமிஷன் சர்ட்டிபிகேட் தேவைப்படும்.

இதையெல்லாம் விடப் பெரியது மூச்சு. கழற்றிய இடத்தில் போட்ட வெல்டிங் சரியில்லாமல் கசிந்தால், ஜாமில் நிற்கும் உங்கள் காருக்குள்ளேயே கார்பன் மோனாக்சைடு வரக்கூடும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. கசியாவிட்டால் அது பக்கத்தில் பைக்கில் நிற்பவருக்கும், ரோட்டைக் கடக்கும் பிள்ளைக்கும் போகும்.

டீசல், பைக்: சுருக்கமாக

பிஎஸ் 6 டீசல் கார்களில் கூடுதலாக டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரியில் தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். ஆபீஸ் ஜாம் மட்டுமே கண்ட டீசலில் அது அடைபடுகிறது. டிபிஎஃப் விளக்கு வந்தால் ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிஎஸ் 6 பைக்குகளில் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலோ சைலன்சருக்குள்ளோ இருக்கிறது. சத்தத்துக்காக சைலன்சரை மாற்றினால் பல மாடல்களில் கன்வெர்ட்டரும் கூடவே போய்விடும். 2025 ஏப்ரல் முதல் தயாராகும் பைக்குகளில் கன்வெர்ட்டரைக் கண்காணிக்கும் வசதியும் வந்துவிட்டது.

பழைய கார் வாங்குகிறீர்களா?

ஐடி ஊழியர்கள் வெளிநாடு போகும்போது அவசரமாக விற்கும் கார்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் நிறைய வருகின்றன. நல்ல விலைக்குக் கிடைக்கும். வாங்கும் முன் லிஃப்ட்டில் ஏற்றிக் குனிந்து பாருங்கள். உப்பிய பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நேர்க்குழாயும் புதிய வெல்டிங்கும் தெரிந்தால், பின் சென்சாருக்கு அடியில் சம்பந்தமில்லாத நட்டு இருந்தால், ஸ்கேனரில் கன்வெர்ட்டர் சோதனை மட்டும் 'முடியவில்லை' என்றே காட்டிக்கொண்டிருந்தால், அந்தக் காருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால் ஒரிஜினல் கன்வெர்ட்டரின் விலையை எழுதி வாங்கி, பேசிய தொகையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.